கேளுங்க, கதைப்பம்: தனிக்கதையா, பெரிய கதையா?

கேள்வி: அண்ணா, நாங்க கூட்டாளிமார் சேர்ந்து ஒரு காமிக்ஸ் கீறுறம். ஒரே ஊர், நாலு பாத்திரம், இதழுக்கு ஒராள்ட கதை. எல்லாத்துக்கும் பின்னால வாவிக்கு அடியில ஒண்டு முழிச்சு வருது, அதுதான் பெரிய கதை. ஆனா ரெண்டாம் இதழ் வாசிக்காத ஆக்களுக்கு மூண்டாவது விளங்குதில்லயாம். பெரிய கதையக் குறைச்சா எழுதுற கூட்டாளி கோவிக்கிறான். எது எவ்வளவு போடலாம்?
- வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: தம்பி, பாதிக்குப் பாதி எண்டு பக்கத்த அளந்து பிரிச்சா ரெண்டும் கெடும். ஒவ்வொரு இதழும் தான் எழுப்பின கேள்விக்குத் தானே பதில் சொல்லி முடியணும், அதுல மட்டும் விட்டுக்குடுக்காதீங்க. தோணிக்காரப் பொடியன் காணாமப்போன அப்பாவத் தேடி வெளிக்கிட்டா கடைசிப் பக்கத்துக்குள்ள கண்டுபிடிக்கணும், இல்லாட்டி இனித் தேட மாட்டன் எண்டு முடிவெடுக்கணும்.

நம்மட மட்டக்களப்புப் பக்கம் விடிய விடிய ஆடுற வடமோடிக் கூத்தப் பாருங்க. பாரதத்துல ஒரு துண்டத்தான் எடுத்து ஆடுறாங்க, விடியக்குள்ள அந்தத் துண்டு முடிஞ்சிரும், ஆனா களரியில அபிமன்யு நிக்கக்குள்ள முழுப் போரும் அவனுக்குப் பின்னால நிக்குது எண்டு பார்க்கிற எல்லாருக்கும் தெரியும். அதோட ஒவ்வொருத்தருக்கும் வரவுப் பாட்டு இருக்கு, வாறது ஆர் எண்டு அதுலயே விளங்கிரும். உங்கட ஒவ்வொரு இதழுக்கும் அப்பிடி ஒரு வரவு வேணும், முதல் ரெண்டு பக்கத்துக்குள்ள, முன்கதைச் சுருக்கம் எண்டு பந்தி பந்தியா எழுதாம அந்தப் பாத்திரம் செய்யிற ஒரு வேலையாலயே.

பெரிய கதைய வளர்க்கிற விதத்துக்கு, அமெரிக்கக் காமிக்ஸ் கம்பனி மார்வெல்ல வால்ட் சைமன்சன் எழுதிக் கீறின, தோர் எண்ட இடிக் கடவுள்ட இதழ்களத் தேடி வாசிங்க. 1983ல 337ம் இதழ்ல தொடங்கினார். முன்னால ஓடுற கதையில குதிரை முகத்தோட ஒரு வேற்றுக்கிரகத்தான் வந்து, தகுதியில்லாத ஆர்க்கும் தூக்க ஏலாத தோர்ட சுத்தியலயே தூக்கிர்றான், அது நாலு இதழ்ல முடியுது. இடையில எங்கயோ தூரத்துல ஆரோ ஒருத்தன் உருகின உலோகத்தப் போட்டு அடிக்கிறான், டூம் எண்டு பக்கம் அதிர்ற மாதிரிப் பெரிய எழுத்துல சத்தம், அவ்வளவுதான். ஆள் ஆர், என்ன செய்யிறான், ஒண்டும் சொல்றதில்ல. மறுகா வாற இதழ்கள்லயும் அதே சத்தம், போகப் போகத்தான் அவன் அடிக்கிறது ஒரு வாள் எண்டு விளங்குது. 350ம் இதழ்ப் பக்கம் சேர்ட்டர் எண்ட அந்த நெருப்பு அரக்கன் வாளோட வந்து போர் மூளக்குள்ள விடாம வாசிச்ச ஆளுக்கு நெஞ்சு அடிக்கும், இடையில ஒரே ஒரு இதழ் வாங்கின ஆளுக்கும் நட்டமில்ல. எனக்குத் தெரிய இத இவ்வளவு அழகாச் செஞ்ச ஆக்கள் குறைவு.

உங்கட வாவிக்கும் இதழுக்கு ஒரு பக்கம் காணும். ஆனா அந்தப் பக்கம் சும்மா பின்னணியில கிடக்காம அண்டைய கதையில எதையாவது திருப்பணும். வலையில மீனே படல்ல, அதாலதான் பொடியன் ஒருநாளும் போகாத பக்கம் தோணிய விடுறான், அங்கதான் அப்பாட துடுப்புக் கிடக்குது. இப்ப பெரிய கதையும் நகர்ந்திட்டு, அவண்ட கதையும் நகர்ந்திட்டு. எழுதுற கூட்டாளியிட்ட ஒரு கொப்பியக் குடுத்து, எந்த இதழ் முடியக்குள்ள ஆருக்கு என்ன தெரியும் எண்டு எழுதச் சொல்லுங்க, நாலு பேரும் சந்திக்கிற நாள்ல முதல்ல குழம்புறது அதுதான்.

கேள்வி: எல்லாப் பாத்திரமும் ஒண்டாச் சேர்ற சிறப்பிதழ் போட்டா, அத வாசிக்காத ஆக்களுக்குத் தனி இதழ் விளங்குமா?
- வாசகி, அக்கரைப்பற்று

பதில்: விளங்க வைக்கலாம் தங்கச்சி. 1984ல மார்வெல் சீக்ரெட் வார்ஸ் எண்டு 12 இதழ்த் தொடர் தொடங்கினாங்க, அதுல அவங்கட நாயகர்கள் பலர் ஒண்டாச் சேர்ந்து வேற கிரகத்துல சண்டை பிடிக்கிறாங்க. அந்தச் சண்டைக்குப் போய்த் திரும்பின ஸ்பைடர்மேன், மே மாசத்துக்குரிய தன்ட சொந்த 252ம் இதழ்ல கறுப்பு உடுப்போட வந்து நிக்கிறார். அது கிடைச்ச விதத்தக் காட்டினது டிசம்பர் மாச சீக்ரெட் வார்ஸ் எட்டாம் இதழ்லதான். அதுவரைக்கும் சொந்த இதழ் சும்மா இருக்கல்ல, ஆள் நித்திரையில கிடக்கக்குள்ள உடுப்பு தானா அவரக் கொண்டு திரியுது, விடிஞ்சா ஒரே களைப்பு, அதுக்கு உயிர் இருக்கெண்டது கூட அங்கயேதான் தெரிய வருது. சண்டை வெளியில நடந்திச்சு, அதால வந்த மாற்றம் அவர்ட கதையாப் போச்சு. நீங்களும் சிறப்பிதழ்ச் சண்டையத் திருப்பிக் கீறாதீங்க. சண்டையில காயப்பட்ட ஒருத்திட கை ஏன் கட்டியிருக்கு எண்டு ஒரு வசனத்துல சொல்லிட்டு, அந்தக் கையோட அவ எப்பிடிச் சமைக்கிறா, ஆருக்கு மறைக்கிறா எண்டதக் கீறுங்க.