பூனைக்குத் தைராய்டு கூடினால்: கதிரியக்க அயோடின் பற்றிக் கேள்வி பதில்

காரைக்குடியிலிருந்து: பூனைக்கு 13 வயசு. நல்லாத்தான் சாப்பிடுது, ஆனா எலும்பும் தோலுமா ஆயிருச்சு. ரத்தத்துல டி4-ங்கிற தைராய்டு ஹார்மோன் கூடுதலாம். கதிரியக்க அயோடின் ஊசி போட்டாத் தீருமாண்ணே?

பெரும்பாலும் அடியோடு தீரும். வயதான பூனைக்கு வருவது அநேகமாகப் புற்றில்லாத தைராய்டு வீக்கம்தான். புற்று 100-க்கு இரண்டு மூன்றுதான். சுரப்பி அயோடினை இழுத்துச் சேர்த்துக்கொள்ளும். அயோடின்-131 என்ற கதிரியக்க அயோடினைத் தோலுக்கடியில் போட்டால் வீங்கிய பகுதி அதையும் இழுக்கும். அதன் பீட்டா கதிர் ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் போகாது, அதனால் ஒட்டியிருக்கும் பாராதைராய்டுக்கு (ரத்தக் கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் குட்டிச் சுரப்பி) சேதமில்லை. அறுவை சிகிச்சையில் அந்த ஆபத்து உண்டு. நல்ல தைராய்டு திசு அந்நேரம் அடங்கிக் கிடப்பதால் அயோடினை அதிகம் எடுக்காது. வழக்கமான அளவு 2 முதல் 5 மில்லிக்யூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு). சுமார் 95 சதவீதப் பூனைகளுக்கு ஒரே ஊசி போதும்.

அதே நண்பர்: அப்ப உடனே போட்டுறலாம்ல?

பொறுங்கள், சிறுநீரகத்தைப் பார்க்காமல் போடக் கூடாது. தைராய்டு கூடும்போது சிறுநீரகத்துக்குப் பாயும் ரத்தமும் கூடுகிறது. பழுதுபட்ட சிறுநீரகம்கூட அறிக்கையில் நல்லதாகத் தெரியும். டி4 இறங்கியதும் கிரியாட்டினின் (சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவு) ஏறி உண்மை வெளியே வரும். தைராய்டைக் குறைக்கும் மாத்திரையை நிறுத்தலாம், ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது. அதனால் முதலில் அந்த மாத்திரைகளில் மெத்திமசோலோ கார்பிமசோலோ கொடுத்து, இரண்டு மூன்று வாரத்தில் டி4, கிரியாட்டினின், சிறுநீர் அடர்த்தி, ரத்த அழுத்தம், வெள்ளணு, பிளேட்லெட் எல்லாம் பாருங்கள். மெத்திமசோல் வழக்கமாக 1.25 முதல் 2.5 மி.கி., இரண்டு வேளை. இரண்டும் எடைக்கு எடை சமமில்லை: 5 மி.கி. கார்பிமசோல் சுமார் 3 மி.கி. மெத்திமசோலுக்குச் சமம். அளவை மருத்துவரே சொல்லட்டும். கிரியாட்டினின் ஏறினால் ஊசி கூடவே கூடாது என்றில்லை. அப்படியே விட்டால் தைராய்டும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆனால் தெரிந்து முடிவெடுக்க வேண்டும்.

புதுவயல்: மாத்திரை ஆரம்பிச்சதிலேருந்து முகத்தையே பிறாண்டுது.

இன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். முகத்தில் அரிப்பு, வாந்தி, வெள்ளணு குறைவு எல்லாம் பெரும்பாலும் முதல் 3 மாதத்தில் வரும். மாத்திரை ஒத்துக்கொள்ளாத பூனைக்கு ஊசி நல்ல வழி.

தேவகோட்டை ஆச்சி: மாத்திரையைப் பொடிச்சு மீன் சோத்துல பிசைஞ்சு வைக்கலாமாப்பா?

வேண்டாம் ஆச்சி. பொடி கையில் ஒட்டும், சோற்றை மிச்சம் வைத்தால் எவ்வளவு உள்ளே போனதென்றும் தெரியாது. முழுசாகவே கொடுங்கள், பிறகு கையைக் கழுவுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவர் மாத்திரையைத் தொட வேண்டாம். ஊசிக்கு முன்னால் மாத்திரையை எப்போது நிறுத்துவது என்று மருத்துவமனை சொல்லும். வழக்கமாக ஒன்றிரண்டு வாரம்.

கானாடுகாத்தான்: எங்க வீடு பெரிய வளவு, பூனை முற்றத்துலதான் திரியும். ஊசி போட்டு வந்த பிறகு எப்படி?

அங்கேதான் சிக்கல். அயோடின்-131-இன் அரை ஆயுள் 8 நாள், அதாவது 8 நாளுக்கொரு முறை கதிரியக்கம் பாதியாகும். பூனை அதைச் சிறுநீரிலும் மலத்திலும் வெளியேற்றும். அளவு குறையும் வரை மருத்துவமனையே தனியாக வைத்திருந்துதான் அனுப்பும். வந்த பிறகும் சில நாள் கட்டுப்பாடு உண்டு. முற்றத்தில் ஓரமாகச் சிறுநீர் போய்விட்டால் நீங்கள் ஊற்றிக் கழுவும் தண்ணீரோடு கதிரியக்கமும் வடிகாலில் போகும். ஆகவே கதவடைத்த ஓர் அறை, மணல் தொட்டி, கையுறை. மணலைத் தினமும் அள்ளிப் பையில் கட்டி, சொன்ன நாள் வரை தனியே வையுங்கள். 80 நாளில் கதிரியக்கம் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். மடியில் வைப்பது, பக்கத்தில் படுக்கவைப்பது வேண்டாம். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்த அறைக்குள்ளேயே போக வேண்டாம். வளவில் நாலு குடும்பம் வந்து போகுமானால் எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள்.

கீழச்சிவல்பட்டி: நம்ம ஊர் கிளினிக்கில் போடுவாங்களா?

சாதாரண கிளினிக்கில் முடியாது. கதிரியக்கப் பொருளைக் கையாள அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி வேண்டும். ஒரு மையத்தைக் கேட்கும்போது விலங்குகளுக்கும் அனுமதி உண்டா, பூனையைத் தங்கவைக்கத் தனி அறை உண்டா என்று முதலில் கேளுங்கள்.

காரைக்குடி: ஊசிக்குப் பிறகு?

1, 3, 6 மாதத்தில் டி4, கிரியாட்டினின், எடை பாருங்கள். டி4 ரொம்ப இறங்கி டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) ஏறினால் லெவோதைராக்சின் என்ற தைராய்டு ஹார்மோன் மாத்திரை தேவைப்படும். சோம்பலைப் பார்த்து வயசாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். டி4 குறைந்தபடியே இருந்தால் சிறுநீரகம் சீக்கிரம் கெடும்.