தொட்டிச் செடிக்கு எந்த லைட், எங்கே, எவ்வளவு நேரம்?

மீன் தொட்டிக்குள் செடி வளர்க்கும் வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் லைட்டைப் பற்றியவை. நான் ஈரோட்டில் வயரிங் வேலை பார்ப்பவன். வீட்டிலும் செடித் தொட்டிகள் வைத்திருக்கிறேன். இந்த முறை லைட்டை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

கேள்வி: அண்ணா, என் தொட்டி மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். தொட்டியோடு வந்த லைட் பளிச்சென்றுதான் எரிகிறது. ஆனால் எந்தச் செடியும் நிற்கவில்லை. கீழ் இலையெல்லாம் உதிர்ந்து, தண்டு மட்டும் மேலே ஓடுகிறது. எத்தனை வாட்ஸ் போட வேண்டும்? (பல்லடம் வாசகர்)

வாட்ஸ் என்பது லைட் இழுக்கிற கரண்டின் கணக்குங்க. அது தருகிற வெளிச்சத்துக்கு லூமென் என்று தனிக் கணக்கு இருக்கிறது, அட்டைப் பெட்டியிலேயே போட்டிருப்பார்கள். இன்று கிடைக்கும் சுமாரான எல்இடி ஒரு வாட்ஸுக்கு 100 லூமென் அளவில் தரும். பழைய டியூப் லைட் காலத்து வாட்ஸ் கணக்கை இதற்குப் பொருத்தினால் சரிவராது.

நீங்கள் பல்லடத்துக்காரர், தறிக்கூடம் தெரிந்திருக்கும். தறிக்கு மேல் தொங்கும் லைட்டை நிமிர்ந்து பார்த்து வெளிச்சம் போதுமா என்று யாரும் முடிவு பண்ணுவதில்லை. துணியைப் பார்த்து, அறுந்த இழை கண்ணில் படுகிறதா என்றுதான் பார்ப்பார்கள். தொட்டியிலும் மணல் மட்டத்தில் என்ன விழுகிறது என்பதே கணக்கு. மேலே பளிச்சென்று இருக்கும் லைட்டின் வெளிச்சம் ஒன்றரை அடி தண்ணீரைத் தாண்டிப் போவதற்குள் எவ்வளவோ குறைந்துவிடும்.

உங்கள் தொட்டி 6.75 கன அடி. கன அடிக்கு 28.3 லிட்டர் என்றால் 190 லிட்டர் சொச்சம். மணல், கல், மேலே விட்ட இடைவெளி எல்லாம் போகத் தண்ணீர் 160 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், கிரிப்டோகொரைன் மாதிரி குறைந்த வெளிச்சத்தில் வாழும் செடிகளுக்கு லிட்டருக்கு 10 முதல் 20 லூமென் போதும். தண்டுச் செடிகள் நெருக்கமாக வளர 20 முதல் 40 வரை வேண்டும். அதற்கு மேலே போனால் சிஓ2 (கார்பன் டை ஆக்சைடு வாயு) சிலிண்டரும் தவறாத உரமும் இல்லாமல் சமாளிக்க முடியாது, பாசிதான் மிஞ்சும்.

உங்களுக்கு என் யோசனை, 20 வாட்ஸ் ஃபிளட் லைட் இரண்டு. மொத்தம் 4000 லூமென், லிட்டருக்கு 25 வரும். வெளிச் சுவரில் மாட்டுகிற அதே லைட்தான், ஐபி65 என்று போட்டிருப்பதாகப் பார்த்து எடுங்கள், தண்ணீர் தெறித்தால் தாங்கும். நிறம் 6500கே, அதாவது கூல் டேலைட். தொட்டி நீளத்தில் இடது பக்கமிருந்து ஒன்றும் வலது பக்கமிருந்து ஒன்றும், ஓரத்திலிருந்து முக்கால் அடி உள்ளே தள்ளித் தொங்கட்டும். ஒற்றை 40 வாட்ஸை நடுவில் தொங்கவிட்டால் நடுவில் பாசி பிடிக்கும், இரண்டு மூலையிலும் செடி வெளுக்கும்.

ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் மீட்டர் ஒன்று கையில் இருந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். தொட்டி காலியாக இருக்கும்போது லைட்டைப் போட்டு, மணல் வரப்போகும் மட்டத்தில் நடுவிலும் நாலு மூலையிலும் வைத்துப் பாருங்கள். போனில் இருக்கும் மீட்டர் ஆப் துல்லியமாகச் சொல்லாது, ஆனால் நடுவுக்கும் மூலைக்கும் எத்தனை மடங்கு வித்தியாசம் என்று ஒப்பிட உதவும். செடிக்கு உதவும் வெளிச்சத்தை பிஏஆர் என்று அளப்பார்கள். வெள்ளை எல்இடியில் லக்ஸை 70 ஆல் வகுத்தால் ஏறத்தாழ அந்த எண் கிடைக்கும். மணல் மட்டத்தில் 2000 லக்ஸ் என்றால் பிஏஆர் 30க்குப் பக்கம். எளிய செடிகளுக்கு அது தாராளம்.

இப்போது இருக்கும் மொட்டைத் தண்டில் போன இலை திரும்ப வராது. லைட்டை மாற்றிய பிறகு நுனியை நாலு விரல் நீளம் வெட்டி மறுபடி நடுங்கள். புதிதாக வரும் கணுக்கள் நெருங்கி வந்தால் வெளிச்சம் போதும் என்று அர்த்தம். கணுவுக்குக் கணு இன்னமும் நீண்டுகொண்டே போனால் லைட்டைக் கொஞ்சம் இறக்குங்கள்.

கேள்வி: லைட்டைத் தொட்டிக்குப் பின்பக்கம் வைப்பதா, முன்பக்கமா? எவ்வளவு உயரம்? (கோபிசெட்டிபாளையம் வாசகி)

நடுவிலிருந்து சற்று முன்பக்கம் வையுங்கம்மா. பின்னால் வைத்தால் வெளிச்சம் மீனின் முதுகுக்குப் பின்னாலிருந்து வரும், நம் பக்கம் மீன் நிழலடித்துத் தெரியும், நிறமே எடுபடாது. முன்பக்கமாக இருந்தால் செதில் மின்னுவது தெரியும், முன்னால் இருக்கும் குட்டைச் செடிக்கும் வெளிச்சம் விழும். பின்னால் நிற்கும் உயரமான தண்டுச் செடிகள் எப்படியும் மேலே வந்து வெளிச்சத்தைப் பிடித்துக்கொள்ளும்.

உயரத்துக்கு ஒரே அளவு கிடையாது. தண்ணீர் மட்டத்திலிருந்து அரையடியில் ஆரம்பித்து ஓரடிக்குள் ஏற்றி இறக்கிப் பாருங்கள். தூக்கத் தூக்க வெளிச்சம் பரவும், அடர்த்தி குறையும். ரொம்பத் தூக்கினால் பாதி வெளிச்சம் சுவரிலும் சோபாவில் உட்கார்ந்திருப்பவர் கண்ணிலும்தான் விழும். அதனால் ஏற்றி இறக்கும்படி ஸ்டாண்டு செய்துகொள்வதே நல்லது. பக்கத்தில் இருக்கும் கிரில் பட்டறையில் அரை இஞ்ச் பைப்பை ‘ப’ மாதிரி வளைத்துத் தரச் சொல்லுங்கள், இரண்டு மெல்லிய கம்பியில் லைட் தொங்கட்டும். ஃபிளட் லைட்டை ஃபேன் ரெகுலேட்டரில் கோர்த்து வெளிச்சத்தைக் குறைக்கப் பார்க்காதீர்கள், உள்ளே எல்இடிக்கு ஏற்றபடி கரண்டை மாற்றித் தரும் டிரைவர் சர்க்யூட் போய்விடும். குறைக்க வேண்டுமென்றால் உயர்த்திக் கட்டுங்கள்.

கேள்வி: லைட் வாங்கி ஒரு வருடம்தான் ஆகிறது. முன்பு நன்றாக இருந்த செடிகள் இப்போது வெளுக்கின்றன. எல்இடி இவ்வளவு சீக்கிரம் மங்கிவிடுமா? போர் தண்ணீர்தான் விடுகிறோம். (திருப்பூர் வாசகர்)

லைட்டைக் குறை சொல்லும் முன்னே தொட்டியின் கண்ணாடி மூடியைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். உங்கள் ஊர் போர் தண்ணீர் உப்புத் தண்ணீர். தெறிக்கும் ஒவ்வொரு துளியும் காய்ந்து வெள்ளை வளையமாக நிற்கும், வளையத்து மேல் வளையம் சேர்ந்து கடைசியில் கண்ணாடி பால் ஊற்றியது போல் ஆகிவிடும். அதன் அடிப்பக்கத்தில் பச்சைப் படலமும் ஒட்டியிருக்கும். இதெல்லாம் சேர்ந்து வெளிச்சத்தில் நல்ல பங்கைத் தடுத்துவிடும். தினம் பார்ப்பதால் நம் கண்ணுக்குத் தெரியாது.

சோப்பு, பாத்திரம் தேய்க்கும் பவுடர் எதுவும் வேண்டாம். வினிகரில் நனைத்த துணியை மூடி மேல் அரை மணி நேரம் போட்டு வைத்தால் உப்பு இளகிவிடும். எலுமிச்சம்பழத் தோலால் தேய்த்தாலும் போகும். நன்றாகக் கழுவி மாட்டுங்கள். லைட்டின் முகக் கண்ணாடியையும் துடையுங்கள், பிளக்கை உருவிவிட்டு. போர் தண்ணீர் விடும் வீட்டில் வாரா வாரம் இதைச் செய்வது அவசியம். சிறுவாணித் தண்ணீர் வரும் கோவை வீடுகளுக்கு இந்தத் தொந்தரவு குறைவு.

மூடியைக் கழுவியும் வெளுப்பு போகவில்லை என்றால் உரத்தைக் கவனியுங்கள். புது இலை வெளுத்தால் பெரும்பாலும் இரும்புச் சத்து, பழைய இலை மஞ்சளானால் நைட்ரஜன்.

கேள்வி: பையன் பிங்க் நிறத்தில் எரியும் செடி லைட்தான் வேண்டும் என்கிறான். அது நல்லதா? (கோவை வாசகி)

தேவையில்லைங்க. செடி நீலத்தையும் சிவப்பையும் அதிகமாக உறிஞ்சும் என்பது உண்மை, அதனால்தான் அந்த இரண்டு நிறத்தை மட்டும் வைத்து அப்படி லைட் செய்கிறார்கள். ஆனால் நாம் வாங்கும் வெள்ளை எல்இடியே நீல எல்இடிதான். அதன் மேல் பூசிய பாஸ்பர் பூச்சு அந்த நீலத்தில் ஒரு பங்கை மஞ்சளாகவும் சிவப்பாகவும் மாற்றித் தருகிறது. அந்த நீல எல்இடியை உருவாக்கியதற்குத்தான் 2014இல் ஜப்பானில் பிறந்த மூன்று விஞ்ஞானிகளுக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. ஆக, செடிக்கு வேண்டிய நீலமும் சிவப்பும் வெள்ளையிலேயே இருக்கின்றன. பச்சை வெளிச்சத்தையும் செடி பயன்படுத்திக்கொள்ளும்.

பிங்க் வெளிச்சத்தில் இலை மஞ்சளாவதும் தெரியாது, மீன் மேல் வெள்ளைப் புள்ளி நோய் வந்தாலும் தெரியாது. பையனுக்கு நிறம்தான் ஆசை என்றால் வெள்ளையோடு சிவப்பு, பச்சை, நீலம் கலந்த லைட் வாங்கிக் கொடுங்கள், செடியின் சிவப்பு அழகாகத் தெரியும். ராத்திரி முழுக்க நீல லைட் போட்டு வைக்க மட்டும் விடாதீர்கள். மீனுக்கு இருட்டு வேண்டும்.

கேள்வி: கடைக்குள் தொட்டி இருக்கிறது. காலை 9 முதல் இரவு 9 வரை லைட் எரியும். கண்ணாடியெல்லாம் பச்சைப் பாசி. என்ன மருந்து போடலாம்? (பவானி வாசகர்)

மருந்து வேண்டாம், நேரத்தைக் குறையுங்கள். 6 முதல் 8 மணி நேரம் போதும். புதுத் தொட்டி என்றால் முதல் சில வாரம் 6 மணி நேரத்தைத் தாண்டவே வேண்டாம். வாடிக்கையாளர் வரும் நேரத்தில் தொட்டி எரிய வேண்டும் என்றால் காலையில் 4 மணி நேரம், சாயங்காலம் 4 மணி நேரம் என்று பிரித்துக்கொள்ளலாம், செடிக்குக் கெடுதல் இல்லை. மேற்கு ஜன்னல் வெயில் தொட்டியில் விழுகிறதா என்றும் பாருங்கள். அதுவும் லைட் கணக்கில்தான் சேரும்.

டைமர் போடாமல் இது நடக்காது. முள் தள்ளும் மெக்கானிக்கல் டைமர் கரண்ட் போனால் நின்றுவிடும். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் கரண்ட் நிறுத்திச் சாயங்காலம் விட்டால் அத்தனை மணி நேரமும் அது பின்தங்கிவிடும், அப்புறம் நடுராத்திரியில் லைட் எரியும். உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமர் வாங்குங்கள். அந்த மாதிரி நாளில் செடிக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் மீனுக்கு பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று கட்டாயம் இருக்கட்டும்.

கேள்வி: ரொட்டாலா மக்ரான்ட்ராவின் சிவப்பு என் தொட்டியில் வரவே மாட்டேன் என்கிறது. இன்னொரு லைட் சேர்க்கட்டுமா? (பொள்ளாச்சி கல்லூரி மாணவர்)

சிஓ2 வைத்திருக்கிறாயா தம்பி? இல்லையென்றால் லைட்டைச் சேர்க்காதே. மக்ரான்ட்ரா நம் மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கத்துச் செடிதான், ஆனால் தொட்டியில் வளர்க்கக் கடினமானது. நல்ல வெளிச்சம், சிஓ2, உப்பு குறைந்த மென்மையான தண்ணீர் மூன்றும் கேட்கும். சிஓ2 இல்லாமல் சிவப்பு பார்க்க ஆசையென்றால் கிரிப்டோகொரைனில் செம்பழுப்பு வகைகள் இருக்கின்றன, அதிலிருந்து ஆரம்பி.

கேள்வி: தொட்டிக்கு மேல் லைட் தொங்குவது பயமாக இருக்கிறது. ஷாக் அடிக்குமா? (தாராபுரம் வாசகி)

பயம் நியாயமானது. முடிந்தவரை 12 அல்லது 24 வோல்ட் அடாப்டரில் ஓடும் லைட்டாக வாங்குங்கள். அடாப்டரைத் தொட்டிக்கு மேலே வைக்காமல் பக்கவாட்டுச் சுவரில் உயரமாக மாட்டுங்கள். ஃபிளட் லைட் என்றால் நேரடி 230 வோல்ட், எர்த் வயர் கட்டாயம் இணைத்திருக்க வேண்டும். எந்த வயரும் பிளக் பாயின்டுக்குள் போகும் முன்பு கீழே ஒரு தொங்கல் விட்டு மேலே ஏற வேண்டும், அப்போதுதான் வயரில் வழியும் தண்ணீர் பாயின்டுக்குள் போகாமல் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும். வீட்டு மெயின் போர்டில் கரண்ட் கசிந்தால் உடனே துண்டித்துவிடும் 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி இருக்கிறதா என்று உங்கள் ஊர் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் லைட்டுக்கு முன்னால் அதை வாங்குங்கள். இருந்தாலும், தொட்டிக்குள் கை விடும்போது லைட், ஃபில்டர் எல்லாவற்றின் பிளக்கையும் உருவிவிட வேண்டும்.