பட்டாலையில் ஐவர், தேர்வறையில் ஒருவர்

கேள்வி: என் மகன் பிளஸ் 2 படிக்கிறான். மாலையில் நண்பர்கள் நால்வர் எங்கள் வீட்டுப் பட்டாலைக்கு வந்து, அவனோடு வேதியியல் கணக்குகளைப் போடுகிறார்கள். சேர்ந்து படிக்கும்போது எல்லாம் விளங்குகிறது என்பவன், தேர்வில் தடுமாறுகிறான். இந்தப் படிப்பால் பயன் உண்டா?
– ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: உண்டு. ஆனால், அங்கே கேள்வி கேட்பவர் யார் என்பதைத் தாங்கள் சற்றுக் கவனிக்க வேண்டும்.

செட்டிநாட்டு வீட்டுச் சுவருக்கு உரிய சுண்ணாம்பையே எடுத்துக்கொள்வோம். 80 சதவீதத் தூய்மையுள்ள, அதாவது 80 சதவீதம் கால்சியம் கார்பனேட்டும் மீதி மண்ணுமான 50 கிராம் சுண்ணாம்புக்கல்லை முழுதாகச் சுட்டால் எத்தனை கிராம் கால்சியம் ஆக்சைடு (சுட்ட சுண்ணாம்பு) கிடைக்கும்? 100 கிராம் கால்சியம் கார்பனேட் 56 கிராம் ஆக்சைடைத் தரும் என்பதை மனப்பாடமாக வைத்திருக்கும் மாணவன், தூய்மையை மறந்து 28 என்று எழுதிப் பேனாவை மூடிவிடுவான். தனியே இருந்தால் கதை அத்தோடு முடிந்தது. பக்கத்தில் இருப்பவன், 'கல்லோடு கலந்திருந்த 10 கிராம் மண்ணும் சுண்ணாம்பாகிவிட்டதாடா?' என்று கேட்கும்போதுதான், 40 கிராமுக்கே கணக்கிட வேண்டும், விடை 22.4 கிராம் என்பது அவனுக்கு உறைக்கிறது.

இவ்வாறு தன் சிந்தனையைத் தானே கண்காணித்துத் திருத்திக்கொள்ளும் திறனுக்கு, அமெரிக்க உளவியலாளர் ஜான் ஃபிளேவெல் 1970களில் 'மெட்டாகாக்னிஷன்' என்று பெயரிட்டார். பிறரோடு பேசும் பேச்சே நாளடைவில் குழந்தையின் மனத்துக்குள் பேசும் பேச்சாக மாறுகிறது என்று, அவருக்கு முன்பே ரஷ்ய அறிஞர் வைகோட்ஸ்கி விளக்கியிருந்தார். நண்பன் கேட்ட 'மண்ணும் சுண்ணாம்பாகிவிட்டதா?' என்ற கேள்வி, தேர்வறையில் மகனின் உள்ளிருந்தே எழ வேண்டும். கூட்டுப் படிப்பின் வேலை அதுதான். அமெரிக்காவின் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் மெலனி கூப்பரும் உடன் பணியாற்றியோரும் 2008இல் வெளியிட்ட ஆய்விலும், குழுவாக வேதியியல் சிக்கல்களைத் தீர்த்த மாணவர்களின் உத்திகள் மேம்பட்டதோடு, பின்னர் தனியே தீர்க்கும்போதும் அந்த மேம்பாடு நீடித்தது.

தங்கள் மகனிடம் அது நீடிக்கவில்லை என்றால், பெரும்பாலும் கெட்டிக்காரன் ஒருவனே கேட்கிறான், மற்றவர்கள் தலையாட்டுகிறார்கள் என்று ஊகிக்கிறேன். பிறர் போட்ட வழியைப் பார்க்கும்போது தோன்றும் தெளிவைத் தன்னுடையது என்று நம்பிவிடுவது பிள்ளைகளுக்கு மட்டும் உள்ள பழக்கம் அன்று. ஆகவே முதல் பத்து நிமிடம் ஐவரும் பேசாமல் தனித்தனியே போடட்டும். விடையை ஒப்பிடும் முன்பு, தன் விடையில் தனக்கு எவ்வளவு உறுதி என்பதை ஒவ்வொருவரும் ஓரத்தில் குறிக்கட்டும். 'ஏன் இப்படிச் செய்தாய்?' என்று கேட்கும் பொறுப்பு நாளுக்கு ஒருவரிடம் மாறட்டும். (தாங்கள் தரும் பலகாரத்தை அந்தப் பத்து நிமிடத்துக்குப் பிறகு தருவது நல்லது.) மறுநாள் காலையில் அதே வகைக் கணக்கு ஒன்றை அவன் தனியே போட வேண்டும். தவறிய வழியை அழிக்காமல் ஒற்றைக் கோடிட்டு வைக்கச் சொல்லுங்கள். வாரம் ஒரு முறை அந்த நோட்டைப் புரட்டி, எந்த இடத்தில், எதை மறந்து தவறினான் என்று கேளுங்கள். தங்களுக்கு வேதியியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அவன் சொல்வது தங்களுக்கு விளங்குகிறதா என்று பார்த்தால் போதும்.