கண்மாய்க்குப் பணம் அனுப்பும் முன்: பாசனச் சங்கம் பற்றி வாசகர் கேள்விகள்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஊர்த் தண்ணீரைப் பற்றியவை. ஒரே விஷயத்தைக் கேட்டவற்றைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

சிவகங்கை மாவட்டத்தில் எங்கள் ஊர்க் கண்மாய் (பாசன ஏரி) தூர்ந்து கிடக்கிறது. சிங்கப்பூரில் இருக்கும் ஊர்க்காரர்கள் பணம் போட்டு ஜேசிபி வைத்து ஆழப்படுத்தலாம் என்று பேசியிருக்கிறோம். நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத் தலைவரும் சரி என்கிறார். எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகர், உட்லண்ட்ஸ்

ஆழப்படுத்துவதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மடையின் அடிமட்டத்துக்குக் கீழே எவ்வளவு தோண்டினாலும் அங்கே நிற்கும் தண்ணீர் மடை ஏறி வயலுக்கு வராது. மாடு குடிக்கும், மீன் வளரும், பக்கத்துக் கிணறு ஊறும். ஆயக்கட்டுக்கு, அதாவது கண்மாய் நீர் பாயும் வயல்களுக்கு, கூடுதலாக ஒரு சொட்டும் கிடைக்காது. ஆனால் படம் பிடித்துப் பகிர அந்தப் பள்ளம்தான் அழகாக இருக்கும். பணம் அங்கே போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

முதலில் வரத்துக் கால்வாயைத் தொடக்கத்திலிருந்து கண்மாய் வரை நடந்து பார்க்கச் சொல்லுங்கள். சீமைக் கருவேலமும் ஆக்கிரமிப்பும் கண்ணில் படும். கண்ணில் படாதது சாலைக்கு அடியில் போட்ட குழாய். கால்வாய்த் தரையைவிட அரை அடி உயரத்தில் குழாயைப் பதித்திருந்தால், சிறு மழைத் தண்ணீர் அங்கேயே தேங்கிவிடும். பெருமழைக்கு மட்டும்தான் கண்மாய்க்கு வரத்து இருக்கும்.

அடுத்தது மடை. ஷட்டர் தண்டு வளைந்து முழுதாக மூடாத மடைகள் ஏராளம். கசிவு விநாடிக்கு 5 லிட்டர்தான் என்றாலும் ஒரு நாளில் 432 கன மீட்டர், 30 நாளில் ஏறக்குறைய 13,000 கன மீட்டர். 40 ஏக்கருக்கு 3 அங்குலம் பாய்ச்சக்கூடிய தண்ணீர் அது. கதவைச் சரிசெய்யும் செலவு ஜேசிபி வாடகையோடு ஒப்பிட்டால் சொற்பம்.

மிகுநீர் வழிந்து வெளியேறும் கலுங்கின் மேல் மணல் மூட்டை அடுக்கி மட்டத்தை உயர்த்த யாராவது யோசனை சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நீர்மட்டத்துக்கும் கரை உச்சிக்கும் இடையில் விட்டிருக்கும் இடைவெளி குறையும். ஐப்பசி மழையில் கரையே போய்விடலாம். உள்வாயில், அதாவது கண்மாய்த் தண்ணீர் பரவும் பக்கத்தில், மேலே நிலம் வைத்திருப்பவரின் பயிரும் மூழ்கும்.

இத்தனைக்கும் பிறகு பணம் மிச்சமிருந்தால் வண்டல் எடுங்கள். மடை மட்டம் வரை மட்டும் போதும். கரையடியை ஒட்டித் தோண்டினால், நாளடைவில் படிந்து நீரைத் தடுக்கும் களிமண் படலம் கிழிந்து கரைக்கு அடியில் ஊற்று எடுக்கும்.

இனி அனுமதி. தமிழ்நாட்டில் 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய் நீர்வளத் துறையுடையது. அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்துடையது. யாருடையதோ அவர்களின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் இயந்திரம் உள்ளே இறங்கக் கூடாது. தலைவரிடம் மூன்று தாள் கேளுங்கள்: பொறியாளர் மட்டம் பார்த்துப் போட்ட மதிப்பீடு, பொதுக்குழுத் தீர்மானம், வேலை முடிந்தபின் அளவுப் புத்தகத்தின் (செய்த வேலையை அளந்து எழுதும் பதிவேடு) நகல்.

பணம் அனுப்புவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அதே ஊர்க்காரர் சிங்கப்பூர்க் குடியுரிமை எடுத்திருந்தால் அவர் பணம் வெளிநாட்டு நன்கொடைதான்; அதைப் பெற, வாங்கும் அமைப்புக்கு இந்திய உள்துறை அமைச்சின் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். இரண்டையும் ஒரே கணக்கில் கலக்காதீர்கள். இங்கே சிங்கப்பூரில் பொதுமக்களிடம் நிதி திரட்டுவதானால் அறநிறுவன ஆணையரின் அனுமதியும் வேண்டும்.

என் சித்தப்பா மகன் வாய்க்கால் குழுவின் பொறுப்பில் இருக்கிறான். முறை வைத்துப் பாய்ச்சுவதில் தினம் சண்டை. யாருக்கு எத்தனை மணி நேரம் என்று கணக்குப் போடுவது எப்படி?
– வாசகி, ஈசூன்

ஒரு கணக்கை நினைவில் வைத்தால் போதும்: விநாடிக்கு 1 கன அடி ஓடும் வாய்க்கால் ஒரு மணி நேரத்தில் ஒரு ஏக்கரை ஏறக்குறைய 1 அங்குலம் நனைக்கும்.

கிளை வாய்க்காலில் 1 கன அடி வருகிறது, அதன் கீழ் 40 ஏக்கர் என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு 168 மணி நேரம். வாய்க்கால் நிரம்ப 8 மணி நேரத்தை ஒதுக்கினால் மிச்சம் 160. ஏக்கருக்கு 4 மணி நேரம். இரண்டு ஏக்கர்காரருக்கு 8, அரை ஏக்கர்காரருக்கு 2. வாய்க்கால் தலைப்பில் (தொடங்கும் இடத்தில்) 4 அங்குலம் என்றால், மண் வாய்க்காலில் கால் பங்கு வீணானாலும் வயலுக்கு 3 அங்குலம் சேரும். களிமண் பூமியில் நெல்லுக்கு ஒரு வாரம் அது தாங்கும். மணல் கலந்த பூமியில் தாங்காது.

சண்டை பெரும்பாலும் இந்தப் பங்கில் வருவதில்லை. நிரப்பு நேரத்தில் வருகிறது. தலைமடைக்காரர் (வாய்க்கால் தொடக்கத்தில் வயல் உள்ளவர்) மடையை அடைத்ததும் தண்ணீர் அடுத்தவர் வயலுக்கு உடனே போய்விடாது. இடையில் இருக்கும் வாய்க்காலை நிரப்ப வேண்டும். அந்த நேரத்தை யார் கணக்கில் வைப்பது? அந்த நீளத்தை நிரப்புகிறவருக்குக் கூடுதலாகத் தர வேண்டும். கடைசி ஆளுக்கு நேர்மாறு: மேலே தலைப்பை அடைத்த பிறகும் வாய்க்காலில் கிடப்பதெல்லாம் வடிந்து அவருக்கே போகிறது, அந்த வடிநேரத்தை அவர் பங்கிலிருந்து கழிக்க வேண்டும். இரண்டையும் கடிகாரம் வைத்து, எல்லோரையும் கரையில் நிறுத்தி, ஒருமுறை அளந்து எழுதிவிடுங்கள். பிறகு யாரும் வாய்வீச்சில் ஜெயிக்க முடியாது.

7 நாள் சுற்றில் இரவு முறை ஒருவருக்கே விழுந்துகொண்டிருக்கும். பருவத்துக்குப் பருவம் தொடக்கத்தை 12 மணி நேரம் தள்ளி வையுங்கள். திறந்து மூடும் வேலையை முறைக்காரர்களிடம் விடாமல் ஒரு நீர்பாய்ச்சியிடம் கொடுத்து, அறுவடையில் நெல்லாகவோ பணமாகவோ கூலி தருவது நல்லது. மண்வெட்டி ஒருவர் கையில் இருந்தால் வழக்கும் ஒருவரோடு போகும். ஆயில் எஞ்சின் வைத்து வாய்க்காலிலிருந்து நேரடியாக உறிஞ்சுகிறவர் இருந்தால் மேலே போட்ட கணக்கெல்லாம் பொய்யாகிவிடும். அதை நிறுத்தாமல் முறை அட்டவணை ஒட்டுவது வீண்.

சிங்கப்பூரில் வீட்டுக்கு வீடு மீட்டர். வயலுக்கு வயல் அப்படி வைத்தால் பிரச்சினை தீராதா?
– வாசகர், ஜூரோங் ஈஸ்ட்

இங்கே நம் வீட்டுக்கு வருவது அழுத்தத்தோடு மூடிய குழாயில் ஓடும் சுத்தமான நீர். அங்கே வண்டலும் வைக்கோலும் மிதக்கும் திறந்த வாய்க்கால். சுழலி வைத்த மீட்டர் விரைவில் அடைத்துக்கொள்ளும். அதைவிட, பல ஊர்களில் ஒருவர் வயல் வழியாகத்தான் அடுத்தவர் வயலுக்குத் தண்ணீர் போகிறது. மீட்டரை எந்த வரப்பில் வைப்பீர்கள்?

நடைமுறையில் சாத்தியமானது, கிளை வாய்க்கால் தலைப்பில் அளந்து சங்கத்துக்கு மொத்தமாகத் தருவது. உள்ளே பங்கிடுவது சங்கத்தின் பாடு. மகாராஷ்டிரத்தின் 2005 ஆம் ஆண்டுச் சட்டம் இந்த வழியைத்தான் எடுத்தது.

அளக்கப் பெரிய கருவியும் வேண்டாம். நேரான 10 மீட்டர் நீளத்தில் ஒரு எலுமிச்சம்பழத்தை மிதக்கவிட்டு நேரம் பாருங்கள். 25 விநாடி என்றால் மேற்பரப்பு வேகம் விநாடிக்கு 0.4 மீட்டர். அடியில் வேகம் குறைவு என்பதால் 0.85 ஆல் பெருக்குங்கள்: 0.34. வாய்க்கால் அகலம் 60 செ.மீ., ஆழம் 30 செ.மீ. என்றால் விநாடிக்கு 61 லிட்டர், அதாவது 2 கன அடிக்குச் சற்று மேல். காற்றடிக்கும் நேரத்தில் இதைச் செய்யாதீர்கள்.

பாசன நிர்வாகத்தில் விவசாயிகளைச் சேர்ப்பது எங்காவது உண்மையிலேயே நடந்திருக்கிறதா? பள்ளித் திட்டப்பணிக்காகக் கேட்கிறேன்.
– மாணவி, தெம்பனிஸ்

இரண்டு இடங்களை ஒப்பிடுங்கள். ஆந்திரப் பிரதேசம் 1997 இல் சட்டம் இயற்றி, அதே ஆண்டு ஒரே வீச்சில் 10,292 சங்கங்களுக்குத் தேர்தல் நடத்தியது. இலங்கையின் கல்லோயா பாசனத் திட்டத்தில், 1981 இல் நீர்த்தேக்கம் கால்வாசியே நிறைந்திருந்த பருவத்தில், இளம் பட்டதாரிகளை ஊர்களில் தங்கவைத்தார்கள். முதலில் ஒரே வயல் வாய்க்காலைப் பகிரும் சிறு குழுவினர் வாய்க்காலைச் சுத்தம் செய்தார்கள், முறை வைத்தார்கள், வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடை வயல்களுக்கு நீர் விட்டார்கள். சங்கம், பதவி எல்லாம் பிறகுதான்.

எங்கள் கணிப்பில் கல்லோயா வழியே நின்றது. பல இடங்களில் அரசு, தூர் வாரும் வேலையைச் சங்கத்திடம் கொடுத்துவிட்டு, எந்த நாளில் எவ்வளவு திறப்பது என்ற முடிவைத் தானே வைத்துக்கொள்கிறது. அப்போது தலைவர் பதவி ஒப்பந்தக்காரர் பதவியாகிவிடுகிறது. நேரில் பார்க்க வேண்டுமானால், பாலி தீவின் சுபாக் எனும் விவசாயிகளின் பாசன அமைப்பு நமக்கு அருகில்தான் இருக்கிறது. நீர்க்கோயிலில் கூடி, எந்தப் பகுதி எப்போது நடுவது என்று அவர்களே முடிவெடுக்கிறார்கள். பக்கத்து வயல்கள் ஒரே காலத்தில் தரிசாகக் கிடப்பதால் எலியும் பூச்சியும் அடங்குகின்றன. 2012 இல் அது யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

பட்டா இன்னும் இறந்துபோன தாத்தா பெயரில். பயிர் செய்வது என் அண்ணன். சங்கத் தேர்தலில் அவர் வாக்களிக்க முடியுமா?
– வாசகர், பொங்கோல்

வாக்காளர் பட்டியல் நில உரிமைப் பதிவைப் பார்த்துத்தான் தயாராகிறது. தாத்தா பெயர் இருக்கும்வரை அண்ணனுக்கு அதில் இடம் கிடைப்பது கடினம். வாரிசுச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், பங்காளிகள் ஒப்புதலோடு பட்டா மாறுதலுக்கு இப்போதே விண்ணப்பிக்கட்டும். தேர்தல் அறிவித்த பிறகு ஓடினால் நேரம் போதாது. நீங்களும் பங்குதாரர் என்றால், இங்கிருந்து ஒப்புதலை அனுப்பும் முன், எந்த வடிவில் வேண்டும், எங்கே சான்றளிக்க வேண்டும் என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் அண்ணனைக் கேட்கச் சொல்லுங்கள்.