சைக்கிள் பார்க்கப் போகும்போது ஓர் அடிமட்டமும் கொண்டுபோங்கள்

கேள்வி: நான் ஆரையம்பதி. வேலை மட்டக்களப்பு நகரில் ஒரு தனியார் அலுவலகத்தில். பஸ்ஸுக்குக் காத்திருந்து அலுத்துவிட்டது. ஸ்கூட்டி வாங்க வசதியில்லை. போக எட்டு, வர எட்டுக் கிலோமீற்றர் சைக்கிளில் ஓடலாம் என்று முடிவெடுத்திருக்கிறேன். கையில் 40,000 ரூபாய் இருக்கிறது. பாவித்த ஹைபிரிட் சைக்கிள் ஒன்றுக்கு ஒருவர் 38,000 கேட்கிறார். 21 கியர், முன்பக்கம் ஷொக் அப்சோபர், பெயின்ற் புதிதுபோல மினுங்குகிறது. என் மாமாவோ, "அத விட்டுப்போட்டு ஒரு ஜப்பான் சைக்கிள எடு புள்ள" என்கிறார். எதை எடுப்பது அண்ணா?

பதில்: மாமா சொல்வதில் பாதி சரி தங்கச்சி. மீதிப் பாதிக்கு உங்கள் பாதையைப் பார்க்க வேண்டும். ஆரையம்பதியிலிருந்து காத்தான்குடிப் பேரீச்ச மரங்களைத் தாண்டி, கல்லடி வழியாக நகருக்குள் வரும்வரை சமதரைதான். ஏற்றம் என்று சொன்னால் கல்லடிப் பாலம் ஒன்று. முன்னே மூன்று பற்சில்லு, பின்னே ஏழு, பெருக்கினால் 21. அதில் நீங்கள் நாலைந்தைத்தான் தொடுவீர்கள். அதற்காகக் கியரே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். கச்சான் வீசும் மாதங்களில், வேலை முடிந்த களைப்போடு காற்றைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு மிதிக்கும்போது கியர் எதற்கென்று விளங்கும்.

ஹைபிரிட் என்பது ஓட்டப் பந்தய சைக்கிளின் பெரிய, மெல்லிய சில்லும் மலைச் சைக்கிளின் நேரான ஹாண்டிலும் சேர்ந்த கலப்பு. தார் வீதியில் எட்டுக் கிலோமீற்றருக்கு நல்ல தெரிவுதான். டயர் அகலம் 35 முதல் 42 மில்லிமீற்றருக்குள் இருந்தால் நம் ஒழுங்கை மணலிலும் ஓரளவு சமாளிக்கும். அதைவிட மெல்லியது மணலில் புதையும்.

எனக்குப் பிடிக்காதது அந்த ஷொக் அப்சோபர். மலிவான சைக்கிள்களில் வருவது ஒரு சுருள் கம்பியும் இரண்டு குழாயும்தான். கடற்காற்றில் குழாய் துருப்பிடித்து இறுகிவிட்டால் அது வெறும் பாரம். உள்ளே உள்ள சாமான் தனியாகக் கிடைப்பதும் கஷ்டம். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹாண்டிலை அமுக்கிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு இறங்கி ஏற வேண்டும். கடக் என்று தட்டினாலோ அசையவே இல்லை என்றாலோ விலையில் பிடியுங்கள். இதே விலையில் ஷொக் இல்லாத நேரான, சாதாரண ஃபோர்க் (முன் சில்லைப் பிடித்திருக்கும் கவை) உள்ள ஹைபிரிட் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பக்கம் போகலாம்.

மினுங்கும் பெயின்ற் என்றதும் எனக்கு ஒரு பழைய சூடு ஞாபகம் வருகிறது. சில வருடங்களுக்கு முன் மகனுக்கென்று இப்படித்தான் மினுக்கத்தைப் பார்த்து ஒன்றை வாங்கினேன். சீற் உயரம் எனக்கு அளவாக இருந்ததால் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து அவனுக்காகப் பதிக்கப் போனால் அசையவில்லை. சட்டகம் இரும்பு, சீற் குழாய் அலுமினியம். உப்பு ஈரம் இறங்கி இரண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டுவிட்டன. சந்தியில் சைக்கிள் திருத்துபவர் இரண்டு இரவு எண்ணெய் விட்டு வைத்தார், சூடு காட்டினார், கடைசியில் இரும்பறுக்கும் வாள் அலகை உள்ளே விட்டு நெடுக்காக அறுத்துத்தான் எடுத்தார். ஒரு முழு மத்தியானம் போனது. அன்றிலிருந்து எந்தச் சைக்கிளைப் பார்த்தாலும் முதலில் சீற் நட்டைத் தளர்த்தி, விற்பவர் முன்னாலேயே ஓர் அங்குலம் ஏற்றி இறக்கிப் பார்ப்பேன். "அது பிறகு பார்க்கலாம்" என்றால் பேச்சை முடித்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

அப்புறம், பெயின்ற் எதை மூடியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஹாண்டிலுக்குக் கீழே உள்ள குட்டைக் குழாயோடு கீழ்ச் சட்டகக் குழாய் வந்து பொருந்தும் இடம் இருக்கிறதல்லவா, அதன் அடிப்பக்கத்தை விரலால் தடவுங்கள். அலைபோல ஒரு நெளிவு, சிறு வீக்கம், மயிரிழை வெடிப்பு ஏதும் தட்டுப்பட்டால் சைக்கிள் முன்னே எதிலோ மோதியிருக்கிறது. அப்படிப்பட்டதை இனாமாகத் தந்தாலும் எடுக்காதீர்கள்.

இனி அடிமட்டம். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் 12 அங்குல அடிமட்டமே போதும், ஆனால் அங்குலப் பக்கம் இருக்க வேண்டும். செயின் இறுக்கமாக நிற்கும் இடத்தில் வைத்து, ஓர் ஆணியின் நடுவை பூச்சியத்தில் பிடியுங்கள். நல்ல செயினில் 12ஆம் அங்குலத்தில் இன்னோர் ஆணியின் நடு சரியாக வந்து நிற்கும். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளி நின்றால் செயின் மாற்ற வேண்டும். எட்டில் ஒன்று தள்ளி நின்றால் பின் பற்சில்லும் தேய்ந்திருக்கும். அதில் புதுச் செயின் போட்டால் அழுத்தி மிதிக்கும்போது வழுக்கும். பல்லுகள் சுறாச் செட்டை போலக் கூராய் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். 2022 பெட்ரோல் வரிசைக் காலத்தில் அவசரமாக வாங்கி, வரிசை ஒழிந்ததும் தாழ்வாரத்தில் சாத்தி வைத்த சைக்கிள்கள் இப்போதும் விலைக்கு வரும். அவற்றில் செயின் தேய்ந்திருக்காது, துருப்பிடித்திருக்கும். டயரின் பட்டையும் புதுசு போலத்தான் தெரியும், பக்கச் சுவரை மடித்தால் வெடிப்புத் தெரியும்.

பிரேக் ரிம்மைக் கவ்வும் வகை என்றால், கட்டை உரசும் இடத்தில் நகத்தை ஓட்டுங்கள். உள்வாங்கிக் குழிந்திருந்தால் ரிம்முக்கு ஆயுள் முடிந்துகொண்டிருக்கிறது. டிஸ்க் பிரேக் அழகுதான், ஆனால் அதில் எண்ணெய் ஓடும் வகையைத் திருத்த உங்கள் சந்தியில் ஆள் உண்டா என்று முதலில் கேளுங்கள். சில்லைத் தூக்கிச் சுழற்றுவது, பெடல் கட்டையைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்ப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும். ஏறி உட்கார்ந்து குதிகாலைக் கீழ்ப் பெடலில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும், நடுக்குழாயின் இரு பக்கமும் கால் ஊன்றி நின்றால் குழாய் உடம்பில் முட்டக்கூடாது. சல்வாரும் ஷோலுமாகப் போவீர்கள் என்றால் செயின் கவர் இல்லாத சைக்கிளில் ஷோலை முடிந்து கட்டியே ஆக வேண்டும்.

சரி, விலை. கையில் 40,000 வைத்துக்கொண்டு 38,000 கொடுத்தால் பூட்டு யார் வாங்குவது? மட்காட், முன் பின் லைற், இரண்டு பிரேக் கட்டை, கேபிள், மாரிக்கு முன் ஒரு டயர் என்று எப்படியும் செலவு வரும். என் வழக்கம், கால்வாசியைத் திருத்த வேலைக்கென்று ஒதுக்கிவிட்டு மீதிக்குத்தான் சைக்கிள் பார்ப்பது. அதாவது உங்கள் பேச்சு 30,000க்குள் நிற்க வேண்டும். விற்பவர் சம்மதித்தால், காசு கொடுக்கமுன் வழமையாக நீங்கள் காற்றடிக்கும் கடைக்கு அதை உருட்டிக்கொண்டு போய், "இதுக்கு என்னென்ன மாத்தணும், எவ்வளவு முடியும்?" என்று கேளுங்கள். பேரம் பேச அதைவிட நல்ல ஆயுதம் இல்லை.

மாமாவின் ஜப்பான் சைக்கிளுக்கு வருவோம். அங்கே ஊருக்குள் ஓடி இங்கே வந்த அந்தச் சைக்கிள்களில் செயின் கவர், கூடை, டைனமோ லைற், கரியர் எல்லாம் ஏற்கெனவே இருக்கும். சிலவற்றில் மூன்று கியர் பின் சில்லின் குடத்துக்குள்ளேயே அடங்கியிருக்கும். மணலும் உப்பும் எளிதில் உள்ளே போகாது, நம் ஊருக்கு அச்சொட்டாகப் பொருந்தும். பாரம் கூடத்தான். தினமும் 16 கிலோமீற்றர் என்பதால் நான் என்றால் இப்படித்தான் எடுப்பேன்: நேர் ஃபோர்க்கும் ரிம் பிரேக்கும் உள்ள ஹைபிரிட் 30,000க்குள் அமைந்தால் அது, இல்லாவிட்டால் மூன்று கியர் ஜப்பான். நீங்கள் பார்த்து வைத்திருக்கும் 38,000 சைக்கிள் மூன்றாவது இடம்.

எதை வாங்கினாலும் பெடல் அச்சு ஓடும் குழாயின் அடியில் பொறித்திருக்கும் இலக்கத்தைக் குறித்து, விற்றவரின் கையெழுத்தோடும் அடையாள அட்டைப் பிரதியோடும் ஒரு துண்டு எழுதி வாங்குங்கள். இலக்கம் ராவப்பட்டிருந்தால் அது களவுச் சைக்கிளாக இருக்கலாம். வேண்டாம்.

கேள்வி: கல்முனையிலிருந்து எழுதுகிறேன். என் ஹைபிரிட்டுக்கு 28 அங்குல டயர் என்று கேட்டு வாங்கினேன். ரிம்மில் லூசாக நிற்கிறது, காற்றடித்தால் வெளியே வருகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

பதில்: இல்லை தம்பி, நீங்கள் கேட்டதைத்தான் கொடுத்திருக்கிறார். 28 என்பது பெயர், அளவு அல்ல. நம் அப்பாமார் ஓடிய பெரிய சைக்கிளின் 28க்கு ஒன்றரை டயர் ரிம்மில் உட்காரும் விட்டம் 635 மில்லிமீற்றர். ஹைபிரிட்டின் 700சி டயர் 622. இரண்டையுமே 28 என்கிறார்கள், நடுவில் 13 மில்லிமீற்றர் வித்தியாசம். டயரின் பக்கத்தில் 37-622 என்பது போலச் சின்னதாக ஓர் இலக்கம் இருக்கும். முதலாவது அகலம், இரண்டாவது அந்த விட்டம். 26இலும் இதே கூத்துத்தான். ஜப்பான் சைக்கிளின் 26க்கு ஒன்றே மூன்று எட்டு (26 x 1 3/8) என்பது 590, மலைச் சைக்கிளின் 26 என்பது 559. கடையில் 622 என்று சொல்லுங்கள். விளங்காவிட்டால் பழைய டயரைத் தோளில் கொழுவிக்கொண்டு போங்கள், வெட்கமில்லை. ஓடாத டயர் என்பதால் மாற்றித் தருவார், தன்மையாகக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: களுவாஞ்சிகுடியில் ஒரு கடையில் பாவித்த சைக்கிள் வாங்கினேன். ஒரு மாதம் உத்தரவாதம் என்று வாயால் சொன்னார்கள். இரண்டாம் வாரமே பின் சில்லு போல்ஸ் நொறுங்கிவிட்டது. இப்போது "பாவிச்ச சாமானுக்கு உத்தரவாதம் இல்ல" என்கிறார்கள். பில்லும் தரவில்லை.

பதில்: வியாபாரி கொடுத்த உத்தரவாதத்துக்கு மாறாகப் பொருள் இருந்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், வாங்கி மூன்று மாதத்துக்குள் போய்ச் சேர வேண்டும். தொலைபேசி 1977. கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை, ஆகவே முதலில் கடைக்குப் போய் வாங்கிய திகதியோடு பில் கேளுங்கள். வங்கியில் காசு போட்டிருந்தால் அந்தத் துண்டு, வட்ஸ்அப்பில் உத்தரவாதம் பற்றிப் பேசியிருந்தால் அந்தச் செய்தி, இரண்டையும் அழிக்காமல் வையுங்கள். நொறுங்கிய போல்ஸையும் வீசிவிடாமல் ஒரு பையில் போட்டு வைத்துவிட்டுத்தான் சில்லைத் திருத்தக் கொடுங்கள்.