மேடமிடம் எதைக் கேட்பது, அக்காவிடம் எதைக் கேட்பது?

கேள்வி: பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் செமஸ்டர் படிக்கிறேன். பள்ளியில் தமிழ் மீடியம். கல்லூரியில் பதினைந்து பேருக்கு ஒரு மேடத்தை மென்டராகப் போட்டிருக்கிறார்கள். மாதம் ஒரு சந்திப்பு. சென்னையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கும் சீனியர் அக்கா வாட்ஸ்அப்பில் வழிகாட்டுகிறேன் என்கிறார். இரண்டும் தேவையா?

பதில்: தேவைதான். ஆனால் இருவரிடமும் ஒரே விஷயத்தைக் கேட்காதீர்கள்.

கை வேலைக்கு மேடம்தான். தசையில் போடும் ஊசியை 90 டிகிரியில் குத்த வேண்டும் என்று புத்தகமே சொல்லிவிடும். பயத்தில் உங்கள் மணிக்கட்டு மடங்கி ஊசி சாய்வது பக்கத்தில் நிற்பவர் கண்ணில்தான் படும். மாதச் சந்திப்பு பெரும்பாலும் அட்டெண்டன்ஸ், மார்க் பேச்சிலேயே முடிந்துவிடும். அதனால் நீங்களே முந்திக்கொண்டு, "மேடம், ஸ்கில் லேபில் பத்து நிமிஷம் நான் செய்வதைப் பாருங்கள்" என்று கேளுங்கள்.

மருந்துக் கணக்கை அக்காவுக்கு அனுப்புங்கள். 500 மி.லி. டிரிப் 4 மணி நேரத்தில் ஏற வேண்டும், மி.லி.க்கு 20 துளி விழும் செட் என்றால் 500 × 20 ÷ 240. நிமிடத்துக்குச் சுமார் 42 துளி. மணியை நிமிடமாக்க மறந்து 2,500 துளி என்று எழுதிவிட்டு, அசராமல் அடுத்த கணக்குக்குப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்! நோட்டைப் படமெடுத்து அனுப்பினால் பிழை எந்த வரியில் என்று அவர் வட்டமிட்டுக் காட்டிவிடுவார்.

அப்புறம் ஆங்கிலம். வாரம் இரண்டு முறை, ஒரு கற்பனை நோயாளியை டியூட்டி மாற்றி ஒப்படைப்பதுபோல ஒரு நிமிட வாய்ஸ் நோட் அனுப்புங்கள். இப்போது என்ன பிரச்சினை, முன்பு என்ன இருந்தது, நீங்கள் என்ன கவனித்தீர்கள், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்ற வரிசையில். வார்டில் எஸ்பார் என்பது இதைத்தான். இலக்கணம் உடைந்தாலும் வரிசை உடையக் கூடாது.

இன்டர்னல் மார்க் போடுபவரிடம் "வார்டுக்குப் போகவே பயமாயிருக்கிறது" என்று சொல்ல நாக்கு எழாது. அதை அக்காவிடம் சொல்லலாம். தூக்கம் கெடும் அளவுக்குப் போனால் மட்டும் மேடத்திடமும் சொல்லியாக வேண்டும். போஸ்டிங்கை மாற்றவோ கவுன்சலரிடம் அனுப்பவோ கல்லூரியால்தான் முடியும்.

ஒன்றில் மட்டும் நான் கறார். நோயாளியின் படம், கேஸ் ஷீட், பெயர், படுக்கை எண் எதுவும் வாட்ஸ்அப்புக்குப் போகக் கூடாது, சந்தேகம் கேட்பதற்காகக்கூட.

பேசுவதற்கு ஒரு நாளும் நேரமும் குறித்துக்கொள்ளுங்கள். நைட் டியூட்டி முடிந்து அக்கா தூங்கும் காலை பத்து மணிக்கு மெசேஜ் போட்டுவிட்டு, நீல டிக் வரவில்லையே என்று கலங்காதீர்கள்.