ட்யூப்பைத் திருப்பிப் பாருங்கள்

இந்த முறை கடிதப் பையில் இருந்ததில் பாதிக்கு மேல் ஸ்டில் லைஃப், அதாவது பழம், பாத்திரம் போன்ற அசையாப் பொருள்களைப் பார்த்து வரைகிறவர்களின் கடிதங்கள். நானும் அந்தக் கட்சிதான். கொஞ்சம் நீட்டி முழக்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆயில் பெயின்டில் மாதுளம்பழம் ஒன்று வரைந்து, வெயில் படும் சுவரில் மாட்டியிருந்தேன். மேலே மெல்லிசாக அலிசரின் கிரிம்சன் பூசியிருந்தேன். இப்போது சிவப்பு போய், அடியிலிருந்த பழுப்பு தெரிகிறது. "அசல் சரக்குதான்" என்று கடைக்காரர் சாதிக்கிறார். போலியை விற்றுவிட்டாரா?

பதில்: இல்லை, அவர் விற்றது அசல்தான். வினையே அதுதான். ட்யூப்பின் பின்பக்கம் பொடி எழுத்தில் பிஆர் 83 என்று நிறமி எண் இருக்கும். அந்த நிறமி வெளிச்சத்தில் வெளுத்துப் போகக்கூடியது. அதிலும் மெல்லிய பூச்சாகவோ வெள்ளை கலந்தோ இருந்தால் சீக்கிரம் போய்விடும். விற்கும்போது இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. உங்கள் வருத்தம் நியாயமானது. ஓவியர் வான் கோ 1888-இல் வரைந்த படுக்கையறைச் சுவர்களே வெளிர் ஊதாவாக இருந்தவைதான். அதிலிருந்த சிவப்பு மங்கிப் போனதால் இன்று நீலமாகத் தெரிகின்றன.

அடுத்த முறை பிவி 19 என்ற குவினாக்ரிடோன் சிவப்பைத் தேடுங்கள். எந்த ட்யூப் வாங்கினாலும் ஓர் அட்டையில் கெட்டியாக ஒரு பட்டை, நீர்க்க ஒரு பட்டை தீட்டுங்கள். பாதியைக் கறுப்புக் காகிதத்தால் மூடி, தேதி எழுதி, ஜன்னலில் ஒட்டி வையுங்கள். மூன்று மாதம் கழித்துக் காகிதத்தை உரித்தால் விஷயம் தெரிந்துவிடும். ஆசையாக வாங்கிய ஒரு ரோஜா நிறத்தை நான் இப்படி உரித்துப் பார்த்தேன். மூடியிருந்த பக்கம் ரோஜா, மூடாத பக்கம் வெறும் அட்டை.

கேள்வி: 48 ட்யூப் செட் தள்ளுபடியில் வருகிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். நான் வாங்கினேன். வெள்ளை முதல் மாதமே தீர்ந்தது. மீதியில் முப்பது மூடியைத் திறக்கவே இல்லை.

கேள்வி: இணையத்தில் 'கோபால்ட் ப்ளூ' மலிவாகக் கிடைத்தது. வந்த பிறகு பார்த்தால் பெயருக்குக் கீழே 'ஹ்யூ' என்று இருக்கிறது. திறந்துவிட்டதால் திருப்பி எடுக்க மாட்டார்களாம்.

பதில்: என் பழைய புண் இது. 'ஹ்யூ' என்றால் அந்தச் சாயலில் இருக்கிறது, உள்ளே அந்தச் சரக்கு இல்லை என்று பொருள். அசல் கோபால்ட் நீலம் பிபி 28. உங்களுடையதில் அநேகமாக பிபி 29, அதாவது அல்ட்ராமரைன், கொஞ்சம் வெள்ளையோடு சேர்ந்திருக்கும். அது ஒன்றும் குப்பை இல்லை. சில சமயம் ஹ்யூதான் மேல்: முதல் கடிதக்காரர் அலிசரின் ஹ்யூ வாங்கியிருந்தால் அநேகமாக அவருடைய மாதுளை பிழைத்திருக்கும். என் கோபம் எழுத்தின் அளவில்தான். 'கோபால்ட்' யானை அளவு, 'ஹ்யூ' எறும்பு அளவு. விற்பனைப் பக்கத்தில் போடும் படத்திலோ அந்த எறும்பும் வெட்டுப்பட்டிருக்கும். பின்பக்கப் படம் போடவே மாட்டார்கள். நிறமி எண் இல்லாத ட்யூப்பை நான் தொடுவதே இல்லை.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது: விற்பனைப் பக்கத்தை இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அங்கே 'ஹ்யூ' என்ற சொல் இல்லையென்றால், "மனம் மாறியதால் திருப்பவில்லை, சொன்ன பொருள் வரவில்லை" என்று எழுதிக் கேளுங்கள். இரண்டும் வேறு வேறு வழக்கு.

கேள்வி: கலப்பதற்கு ஹார்டுவேர் கடையில் பாய்ல்டு லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) வாங்கினேன். லேபிளைப் படிக்கவில்லை. படம் மஞ்சளடிக்கிறது. துடைத்த துணிகளைக் குப்பைக்கூடையில் திணித்து வைத்திருக்கிறேன். எண்ணெயைத் திருப்பிக் கொடுக்கலாமா?

பதில்: எண்ணெய் கிடக்கட்டும், முதலில் எழுந்து போய் அந்தத் துணிகளை வெளியே எடுங்கள்! லின்சீட் எண்ணெய் காயும்போது சூடாகும். சுருட்டித் திணித்த துணி தானாகவே தீப்பிடிக்கும். வெட்டவெளியில் ஒவ்வொன்றாக விரித்துக் காயவையுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய தகர டப்பாவில் போட்டு மூடுங்கள். அந்த எண்ணெய் கதவுக்கும் மேசைக்கும் ஆனது. சீக்கிரம் காய்வதற்காக அதில் உலோக உப்புகள் சேர்த்திருப்பார்கள். அது உங்கள் படத்துக்கு ஆகாது. லேபிளைப் படிக்காமல் வாங்கியதற்குக் கடைக்காரர் என்ன செய்வார்?

கேள்வி: இரவில் வரைந்த எலுமிச்சை பகலில் பச்சையடிக்கிறது. 'டேலைட்' பல்புதான் போட்டிருக்கிறேன்.

பதில்: நானும் அந்தச் சொல்லை நம்பி நான்கு பல்பு வாங்கியவன். அது விளக்கின் வெண்மையை மட்டும் சொல்கிறது, நிறங்களை ஒழுங்காகக் காட்டுமா என்று சொல்வதில்லை. அதற்கு சிஆர்ஐ எண்ணைப் பாருங்கள்: அது 90-க்கு மேல் இருக்கட்டும், வெண்மையைச் சொல்லும் கெல்வின் எண் 5000 சுமார். பெட்டியில் சிஆர்ஐ போடவில்லையென்றால் வைத்துவிட்டு வாருங்கள். அப்புறம், பழத்தின் மேல் ஒரு வகை வெளிச்சம், கான்வாஸ் மேல் வேறொரு வகை என்று வைக்காதீர்கள்.

கேள்வி: குடுவை, ஜாடி என்று வாங்கி அலமாரி நிறைந்துவிட்டது. இருந்தும் படம் அமையவில்லை. 'ஸ்டில் லைஃப் செட்' என்று ஒன்று விற்கிறார்கள்.

பதில்: இத்தாலிய ஓவியர் மொராண்டி அதே சில பாட்டில்களைத் திரும்பத் திரும்ப வரைந்தே காலம் தள்ளினார். பளபளப்பு தொந்தரவு செய்தால் பாட்டிலுக்கே பெயின்ட் அடித்துவிடுவார், தூசியைக்கூடத் துடைக்க மாட்டார். நீங்கள் அலமாரியிலிருந்து மூன்றை மட்டும் வெளியே வைத்து, ஒரு வாரம் விளக்கை இடம் மாற்றி மாற்றி வரைந்து பாருங்கள். செட் வேண்டாம்.

கேள்வி: ட்யூப் மூடி ஒட்டிக்கொண்டது. இடுக்கி போடலாமா?

பதில்: வெந்நீரில் மூடியை மட்டும் கொஞ்ச நேரம் முக்குங்கள். இடுக்கி போட்டால் ட்யூப் கழுத்தோடு முறுகிக் கிழியும். என் அறைக் கதவின் கைப்பிடியில் ப்ரஷ்யன் ப்ளூ இன்னும் இருக்கிறது.